இருவருக்கும் சேர்த்து

கார்லைலில் இருந்து நியூகாசிலுக்கு
இரண்டே பெட்டி வண்டி.
கார்டு நான்தான், பரிசோதகனும் நான்தான்,
கழிப்பறைக் கதவு மாட்டிக்கொண்டால் அதற்கும் நான்தான்.

பதினேழு வருஷம் அட்டையில் ஓட்டை போட்டேன்.
இப்போது கறுப்பு வெள்ளைக் கட்டத்தைச் சுடுகிறேன்.
ஒரு பீப் என்றால் சரி. இரண்டு பீப் என்றால் தகராறு.
ஸ்கிரீன்ஷாட் செல்லாது என்று
இன்று மட்டும் நாலு பேரிடம் சொல்லியாயிற்று.
ஒன்பதரைக்கு முன்னால் ஏறினால் செல்லாது.
வழியில் இறங்கி அடுத்த வண்டி பிடித்தால் செல்லாது.
நண்பனுடைய போனில் இருந்தால் செல்லாது.
உடைந்த கண்ணாடிக்குள் கிடக்கும் கட்டம்
விதிப்படி செல்லும்.
கருவிக்குத்தான் கண் தெரிவதில்லை.

ஹால்ட்விசில் தாண்டி, முன்பெட்டியில் ஒருவர்,
மடியில் தொப்பி, வெளியே நனைந்த ஆடுகள்.
"டிக்கெட் அவளிடம்."
எவளிடம்?
முகவாயால் காட்டினார். பின்பெட்டி.

பின்பெட்டியில் அவள், வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி.
ஒரே டிக்கெட், இரண்டு பெயர்:
நோரீன் ஃபென்விக், கெல்வின் ஃபென்விக்.
மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.
கீழே பொடி எழுத்தில்,
இருவரும் பயணம் முழுவதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

சேர்ந்தே என்றால் எவ்வளவு தூரம்?
கையேட்டில் தேடியிருக்கிறேன், இல்லை.
ஒரே வண்டியா, ஒரே பெட்டியா,
பேசிக்கொள்ளவும் வேண்டுமா?
இது ஊடலா பிரிவா என்று பார்த்துச் சொல்ல
எங்களுக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை.

அதற்குள் அவள் போன் ஓரத்தில் சிவந்தது.
இரண்டு சதவீதம்.
அணைந்தால் டிக்கெட் இல்லை,
இரண்டு பேருக்கும் முழுக் கட்டணம்.
அதுவும் பொடி எழுத்தில்தான்,
ஆனால் கண்ணாடி போட்டு அவள் ஏற்கெனவே படித்திருந்தாள்.
"சார்ஜர் அந்த ஆளிடம்" என்றாள்.

அந்த ஆள்.

தூது போவது என் வேலைப் பட்டியலில் இல்லை.
போனேன்.

அவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார்,
செங்கல் கனம், மேலே ரப்பர் பேண்டு.
எடுத்தவர் கொடுக்கவில்லை.
"நான் பிடித்தால்தான் ஏறும்.
முனையைக் கட்டைவிரலால் அழுத்தியே வைக்க வேண்டும்,
கொஞ்சம் இடப்பக்கமாக.
புதுசு வாங்கச் சொல்லி முப்பது தடவை சொல்லிவிட்டாள்."
கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தார்.
தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஹெக்ஸமில் கதவைத் திறந்து மூடிவிட்டுப் போய்ப் பார்த்தேன்.
பக்கத்துப் பக்கத்து இருக்கை.
அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் நடைவழியை.
நடுவே வெள்ளை வயர்,
ஒரு மீட்டர் இருந்தால் அதிகம்.
ஒன்பது சதவீதம்.
கருவியை நீட்டினேன். பீப்.
அவள் திரையை விரலால் தள்ளினாள். பீப்.
இரண்டு பீப்தான், ஆனால் ஆளுக்கு ஒன்று.

நியூகாசிலில் தானியங்கிக் கதவு
ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் விடும்.
அதனிடம் நானே வாதாட முடியாது.
அவள் முதலில் போனாள், போனும் கையுமாக.
கதவு மூடிக்கொண்டது.
அவர் இந்தப் பக்கம்,
இன்னும் கட்டைவிரலை எடுக்காமல்.
கதவின் தலைக்கு மேல் வயர் விறைத்து நின்றது.

போனில் இருபத்திரண்டு ஏறியிருக்கும்.
பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

திரும்பினாள்.
கதவுக்கு மேலாகக் கையை இறக்கி
அவர் பக்கத்துக் கண்ணாடியில்
அவருடைய கட்டத்தை வைத்தாள்.
எடுக்கவில்லை. மறுபடி வைத்தாள்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.

"வெளிச்சத்தைக் கூட்டு" என்றார்.

அன்றைக்கு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு
அதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
எனக்கெப்படித் தெரியும்,
ஆறு நிமிஷத்தில் கார்லைலுக்குத் திரும்ப வேண்டும்,
அதற்குள் ஒரு டீ குடிக்க வேண்டும்.