ஒரு வாய் அளவு

அளவைச் சொல்லிவிட்டுத்தான் முன்பணம் தந்தார்கள்.
"ஒரு வாய்க்கு ஒண்ணு.
கடிச்சா மீதி கையில நிக்கக் கூடாது.
பட்டுப் புடவையில எண்ணெய் சொட்டக் கூடாது."
யார் வாய்க்கு என்று நான் கேட்கவில்லை.
வீட்டுக்கு வந்து
கண்ணாடி முன் நின்று ஒருமுறை
வாயைத் திறந்து பார்த்துக்கொண்டேன்.

காசிமேட்டில் ஏலம் விடிவதற்குள் முடிந்துவிடும்.
ஆறு கிலோ வெள்ளை இறால்.
தலை கிள்ளி, முதுகில் கீறி,
கறுப்பு நரம்பை உருவிப் போட
ஜெனோவாவுக்கு இரண்டு நொடி.
கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய்.
வாயில் அன்று முழுக்கச் சீட்டுக்காரி.

பொட்டுக்கடலை மாவு, சோம்பு, தேங்காய்,
தட்டிப்போட்ட சின்ன வெங்காயம்.
மிளகு மட்டும் ஒரு பிடி கூடுதல்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பிவிட்டால்
மொட்டைமாடியில் வேறெந்த வாசனையும் எடுபடாது.

அறுநூறு உருண்டை.
முதல் நூறு நெல்லிக்காய்.
இருநூறில் இலந்தைப்பழம்.
நானூறைத் தாண்டும்போது கோலிகுண்டு.
ஜெனோவா இரண்டைத் தராசில் ஏற்றிப் பார்த்துச் சொன்னாள்:
"கைக்கும் பசிக்குதுக்கா.
கொஞ்சங் கொஞ்சமா அதுவே துன்னுக்கினு கீது."
எல்லாவற்றையும் உடைத்துப் பிசைந்து
மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினோம்.

காலடிப்பேட்டை, மூன்றாம் மாடிக்கு மேலே மொட்டைமாடி.
லிஃப்ட் இல்லை.
சட்டி, அடுப்பு, சிலிண்டர், ஐஸ் பெட்டி
எல்லாம் இடுப்பிலும் தலையிலும் ஏறின.
ஒரு வயது நிறைந்த பிள்ளை
பலூன்களுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தது.
முதல் ஈடு பொன்னாக மிதந்து வந்தபோதுதான் தெரிந்தது,
பல்குத்தும் குச்சிப் பொட்டலம்
ஷேர் ஆட்டோவிலேயே போய்விட்டது.

"குச்சி எங்கம்மா? கையாலயா எடுப்பாங்க?"
பிள்ளையின் மாமன் ரூபன் தட்டையே பார்த்தான்.
கடைக்கு ஓடிய பையன்
காது குடையும் பஞ்சுக்குச்சியோடு திரும்பினான்.
நான் அவனைத் திட்டவில்லை. நேரமில்லை.

ஜெனோவாவைக் காணோம்.
ஐந்து நிமிடம் கழித்து வந்தாள், முந்தானை நிறைய ஈர்க்கு.
வாசலில் கட்டியிருந்த குருத்தோலைத் தோரணத்தில்
ஒரு பக்கம் முழுக்க நாராய்த் தொங்குகிறதாம்.
"குருத்துன்னாலும் அடிப்பக்கம் விறைப்புதான்க்கா."
விரல் நீளம் வெட்டி, வெந்நீரில் அலசி,
ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு வால் வைத்தோம்.

தட்டு நகர்ந்தது.
கப்பல் கம்பெனிக்காரர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே
ஐந்து எடுத்தார்.
பச்சைப் புடவைக்காரி நாலை டிஷ்யூவில் மடித்து
கைப்பைக்குள் இறக்கினாள். என்னைப் பார்த்தாள்.
நான் தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் சாய்த்தேன்.
"ஓலைக் குச்சி! இன்னா ஐடியா பாரேன்"
என்று யாரோ போட்டோ எடுத்தார்கள்.
ரூபன் அது தன் யோசனை போலத் தலையாட்டினான்.

வீடியோக்காரருக்கு மட்டும் கை காலியில்லை.
மாலையிலிருந்து எல்லார் வாயையும் எடுக்கிறார்,
அவர் வாயை ஒருவரும் கேட்கவில்லை.
லென்ஸிலிருந்து கண்ணெடுக்காமல்
"ஆ" என்றார்.
வைத்தேன். மூடிக்கொண்டது.
அளவு சரி.

கணக்கு முடிக்கும்போது
அடுத்த மாதம் நாத்தனாருக்கு வளைகாப்பு,
அதே ஓலைக் குச்சியோடு வேணும் என்றார் வீட்டம்மா.
குச்சிக்குத் தனி ரேட்டு என்றாள் ஜெனோவா,
கண் சிமிட்டாமல்.

கீழே, பாதி மொட்டையான தோரணத்தடியில்
ஆட்டோவுக்குக் காத்து நின்றோம்.
டப்பாவின் அடியில் ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.
பாதி கடித்து மீதியைக் கையில் வைத்தாள்.
காலையிலிருந்து அப்போதுதான்
இருவரும் வாயில் வைக்கிறோம்.

உப்பு ஒரு கல் கம்மி.
அறுநூறில் யாருமே சொல்லவில்லை.