இரண்டு யோகட் கோப்பை

சைக்கிளின் இடப்பக்கம் மகளுடையது,
வலப்பக்கம் ஆட்டினுடையது.
மல்லாகம் தாண்டக் காற்றுப் போய்
ஒட்டுக்கடையில் இரண்டு பையையும் கழற்றி
மறுபடி கொழுவியிருக்கிறார்.
நடந்தது அவ்வளவுதான்.

எனக்கு அது தெரியாது.
தெல்லிப்பழை ஆஸ்பத்திரி, ஆய்வுகூடம்,
காலை பத்தரை, இருபத்தியேழாவது மலம்.
துண்டில் ஜெனிற்றா, பெண், வயது ஏழு.
ஒரு சொட்டு உப்புநீர், ஈர்க்கு நுனியளவு மலம்,
மேலே மூடுகண்ணாடி.
நுணுக்குக்காட்டியில் குனிந்தால்
புல்.
மென்று துப்பிய வரம்பு மாதிரி
நாரும் நரம்புமாய்ப் புல்.
நடுவில், மூன்று மூலை வைத்த ஒரு முட்டை.
அதற்குள்ளே ஜம்புக்காய் வடிவில்
இன்னொரு சின்ன அறை.

பதினொரு வருடம் மனிசக் குடல் வாசித்தவள் நான்.
இப்படியொரு பக்கத்தை
எந்தப் பிள்ளையும் எனக்கு விரித்ததில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மிருக வைத்தியர் கந்தோர்.
நான் எடுக்க முன்னமே தவநேசன் எடுத்துவிட்டார்:
"மிஸ், இஞ்ச ஒரு மறி ஆடு, கழிச்சல் எண்டு கொண்டந்தது.
உள்ளுக்க வட்டப்புழு முட்டை,
மண்ணிறக் கம்பளி போர்த்துக்கொண்டு கிடக்கு.
ஆடு எப்ப தொடக்கம் மனிசரானது?"
சிரித்தோம்.
பிறகு அவர் எண்ணிக்கையைச் சொன்னார்.
ஒரு பார்வைப் புலத்துக்குள் நாற்பத்தொன்று.
பிறகு சிரிக்கவில்லை.

மரியசீலன் வாசலில் நின்றார்,
சாறத்தில் வெங்காயச் சருகு.
விளங்கப்படுத்தினேன். தலையில் கை வைத்தார்.
அடுத்த கணம் முகம் வெளித்தது.
"அப்ப சீனியிட்ட இருந்து பிள்ளைக்குத் தொத்தேல்லையோ?
மனிசி ஆட்டை வில் எண்டு நிக்குது, மிஸ்."
இல்லை என்றேன்.
அதின்ர நாடாப்புழு அதுக்கு,
இவளின்ர வட்டப்புழு இவளுக்கு.
ஒரே பாயில் படுத்தாலும்
இந்த இரண்டும் வீடு மாறிப் போகாது.

"அப்ப பிள்ளைக்கு எங்கயிருந்து?"

படிவத்தைப் பார்த்தேன்.
நிரந்தர முகவரி: மயிலிட்டி.
தற்காலிக முகவரி என்ற இடத்தில் முகாமின் பெயர்,
எழுதி எழுதிப் பழகிய கையெழுத்தில்,
யோசிக்காமல்.
ஒன்பது குடும்பத்துக்கு ஒரு கக்கூசு என்று
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
கீழே சுண்ணாம்புக்கல், ஓட்டை ஓட்டையாய்.
குழிக்கும் கிணற்றுக்கும் இடையில்
எத்தனை எட்டு என்று தெரியாது.
மகள் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடும் வேலியோரம்
மழைக்கு எது வழிந்து வருகிறது என்பதும்.

நான் சொன்னது சுவரில் ஒட்டியிருப்பதைத்தான்:
"கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லுங்கோ.
நகத்தை வெட்டிவிடுங்கோ. செருப்பு."
ஓம் மிஸ், ஓம் மிஸ் என்றார்.
ஒவ்வொரு ஓமும் எனக்குச் சுட்டது.

இரண்டு துண்டிலும் பெயரை வெட்டி மாற்றி எழுதினோம்.
பிள்ளைக்கு ஒரு குளிசை, சப்பித் தின்ன,
தோடம்பழ வாசம்.
ஆட்டுக்கு வெள்ளைத் தண்ணி மருந்து,
நிறை பார்த்து, ஊசியில்லாத சிறிஞ்சால் கடைவாயில்.
ஆடு துப்பியதாம்.
பிள்ளை இன்னொன்று கேட்டதாம்.

ஆறு மாதத்துக்குப் பிறகு
அதே சைக்கிள், அதே இரண்டு கோப்பை.
இந்த முறை மாறாது.
ஒன்றில் நீலப் பேனையால், கோணல் எழுத்தில்
"இது நான்."
மற்றதில் "இது சீனி", பக்கத்தில் கொம்பு கீறி.

"இது நான்" என்றதைத் திறந்தேன்.
ஒரு சொட்டு உப்புநீர், ஈர்க்கு நுனி, மூடுகண்ணாடி.
மண்ணிறக் கம்பளி.
ஒன்று. தள்ளிப் பார்த்தேன், இரண்டு, ஐந்து.
போன முறையைவிடக் குறைவு என்று
மரியசீலனுக்குச் சொல்லலாம்.
அது பொய்யுமில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனேன்.
குழாய் இருமி
நின்றது.