அறிக்கையில் இல்லாதது

பிளோவ்தீவில் மூன்றாம் நாளாக மழை.
ஜன்னலைத் திறந்தால் சாரல்,
மூடினால் அசிட்டோன்.

மேசைமேல் மல்லாந்திருக்கிறாள் புனித பெட்கா.
இருநூறு வருட மெழுகுவர்த்திப் புகை
முகத்தில், அடுப்படிச் சுவர் மாதிரி.

வெள்ளை ஸ்பிரிட் முதலில் போனது.
மெழுகுச் சொட்டுகளை மட்டும் கூட்டிக்கொண்டு
வந்த வழியே திரும்பியது, நல்ல வேலைக்காரன்.
எத்தனால், மஞ்சளேறிய வார்னிஷை இளக்கியது:
குச்சியில் சுற்றிய பஞ்சு ஒவ்வொன்றும்
ஆறிப்போன தேநீர் நிறம்.
அசிட்டோனுக்குப் பொறுமை கிடையாது.
தொட்டதும் காற்றில் ஏறிவிடும்.
என் நகச்சாயத்தை எடுத்ததும் அதே புட்டிதான்,
அருங்காட்சியகத்தின் பட்ஜெட் அப்படி.
டொலுயீனைத் திறக்கும் நாளில் முகமூடி.

கீழ்த்தளத்தில் நெவேனாவின் சலவைக்கடை.
தண்ணீரே படாமல் கம்பளிக் கோட்டை வெளுக்கும்
இனிப்பு வாசனைத் திரவம் ஒன்று அவளிடம்.
சாயங்காலம் தலைவலியோடு படியேறி வருவாள்.
இரண்டு தலைவலிகளும் காபி குடிக்கும்.

தண்ணீரைச் சாது என்கிறார்கள்.
சுண்ணப்பூச்சுக்குள் இறங்கவிட்டுப் பாருங்கள்,
புனிதை கொப்புளம் கொப்புளமாய் எழுந்துவிடுவாள்.

முகம் மட்டும் எதற்கும் மசியவில்லை.

கதவைத் தாழிட்டேன்.
பஞ்சை நாக்கில் வைத்தேன்.

எச்சில். உடம்புச் சூட்டில், நொதியோடு,
டெண்டர் இல்லாமல் சுரப்பது.
எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்;
எச்சிலால் சாமியைத் தொட்டேன் என்று
வெளியில் சொல்ல முடியுமா?

உருட்டினேன். புருவம் வந்தது.
வலது கண்.
இடது கண்ணில் ஓவியன் செய்த சின்னப் பிழை.
நாற்பதாவது குச்சியில் நாக்கு வறண்டது;
எலுமிச்சம்பழம் ஒன்றை அறுத்து
எதிரில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அறிக்கையில்:
'நொதி கலந்த நீர்க்கரைசல். முப்பத்தேழு டிகிரி.'

வியாழன் அன்று ஃபாதர் ஸ்தமென் வந்தார்.
குடையை மடக்க மறந்து முகத்தையே பார்த்தார்.
பிறகு, 'கை ஏன் இப்படி?'

வலது கையில் நிறமே இல்லை.
விரல்கள் இருந்த இடத்தில் மரம்.
புகையின் வேலையல்ல, பூச்சியின் வேலையல்ல.
ஞாயிறுதோறும் வரிசையில் வந்த உதடுகள்,
கிழவிகள், கப்பலேறும் முன் பையன்கள்,
காய்ச்சல் குழந்தையைத் தூக்கிப் பிடித்தவர்கள்,
முத்தத்துக்கு ஒரு துளியிலும் துளியாய்.

'கரைப்பான்' என்றேன்.
'எது?'

நான் வாயைத் திறப்பதற்குள்
அவர் குனிந்துவிட்டார்,
இன்னும் வார்னிஷ் பூசாத
அந்த மரத்தின் மேல்.