நாற்பது செக்கன்

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தில்
எமில்டா மிஸ் பென்சிலால் எழுதித் தந்ததை
மையில் ஏற்றுவது என் வேலை.
இரண்டாம் பிரிவு, கல்வி:
சிலாவத்தையில் பள்ளிக்கூடம்,
பிறகு ஆறு வருடம் வெற்று,
பிறகு பேர்லின்.
இடைவெளிக்கு விளக்கம் தருக என்றது அடிக்குறிப்பு.
தரவில்லை.

ஒன்பதாம் பிரிவு, படைப்புகள்:
பாடகர் குழுவுக்கு ஒன்று, குழலுக்கு இரண்டு,
தந்தி நால்வருக்கு மூன்று.
ஒவ்வொன்றும் எத்தனை பக்கம்?
"நிமிடம் போடலாமோ?" என்றா.
அதற்குக் கட்டம் இல்லை.

தந்தி நால்வருக்கான மூன்றாவது
முதலில் ஒலித்தது பேர்லினில்.
பத்திரிகைத் துண்டு கோப்பில் இருக்கிறது,
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்போடு:
"நடுவில் வரும் நாற்பது செக்கன் மௌனம்
துணிச்சலானது."
அதற்கு ஐந்து புள்ளி.

அடுத்தது கிளிநொச்சி.
கூட்டுறவு மண்டபம், ஆவணி, பின்னேரம்.
நான் வவுனியாவிலிருந்து போனது இசைக்காக இல்லை,
டீசல் பற்றுச்சீட்டில் கையெழுத்து வாங்க.
முன் கதிரைகளில் கமநல அதிகாரி,
நெல் ஆலைக்காரர்,
கடமை முடிந்து சீருடையோடு வந்த தாதியர்,
பின்னால் ஐஸ்கிறீம் குடிக்கும் பெடியள்.
அறுபத்திரண்டு பேர். எண்ணினேன்,
அதையும் படிவம் கேட்கும்.

இரண்டாம் பகுதியில் கரண்ட் போனது.
ஜெனரேற்றர் இரைந்தது
ஐந்துக் கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே.
செலோ வாசித்த பிரணவரூபன் முறுக்காணியைத் திருக,
மற்ற மூவரும் அவன் பின்னால் ஏறினார்கள்.
மிஸ் சிரித்தா.
எனக்கு ஏதோ விளங்கியது என்று சொல்லமாட்டேன்.
நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளிச்சம் திரும்பியது.
யாரோ ஜெனரேற்றரை நிறுத்தினார்கள்.
அந்த இடத்தில் பார்த்து
நாலு வில்லும் தந்தியை விட்டு உயர்ந்தன.

மூன்று செக்கன்.
ஏழு.
பன்னிரண்டில் ஆலைக்காரர் கூரையைப் பார்த்தார்.
தாதி ஒருத்தி காலால் செருப்பைத் தேடினாள்.
இருபதில்
மண்டபம் முழுக்க முகங்கள் மேலே,
என்னுடையதும்.
ஐஸ்கிறீம் பெடியள் மட்டும்
எங்களையே பார்த்தார்கள்,
அங்கே என்ன தெரிகிறது என்று.

இருபத்தாறில்
மிஸ் பேனையால் கதிரைப் பிடியில் தட்டினா.
டொக். டொக்.
வயோலா எதையோ பிடித்துக்கொண்டு தொடங்கியது.
எல்லாரும் குனிந்து
தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

திருத்திய பிரதி கார்த்திகையில் வந்தது.
மௌனம் இருந்த இடத்தில் இப்போது
வயோலா தனியே ஒரே சுரத்தில் நிற்கிறது,
ஐந்துக் கட்டைக்கு ஒரு மயிரிழை மேலே,
ஜெனரேற்றர் நின்ற இடம்.

புதிய படைப்பென்று சேர்த்து அனுப்பினேன்.
மாற்றத்தின் அளவு, பக்கங்களில்?
நாற்பது செக்கன் என்று எழுதினேன்,
கட்டத்துக்கு வெளியே.

பதில் மாசியில்:
திருத்தங்களுக்குப் புள்ளி இல்லை.
டீசல் மட்டும் பாஸாகியிருந்தது,
ஆறு லீற்றர்.