கரை இடியும் சத்தம்

காந்தி ரோடு லாட்ஜில் சாவி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்
வங்காளம் ஒட்டிக்கொண்டது எனக்கு.
இப்போது ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கிறேன்.
ஆளுக்கு நூற்றைம்பது, டீ அவர்கள் செலவு.

பெரும்பாலும் வயிறு.
குத்துகிறதா, முறுக்குகிறதா, எரிகிறதா?
அவர்களிடம் சொல் இருக்கிறது, நம்மிடமும்.
குடலிடம்தான் ஒன்றுமில்லை;
உள்ளிருந்து கையைப் பிடித்து இழுக்கும், அவ்வளவுதான்.
மீதியெல்லாம் தலைக்குள் உட்கார்ந்திருக்கும்
இன்னொரு மொழிபெயர்ப்பாளன் வேலை.
பித்தப்பை முனகினால்
தோள்பட்டை என்று எழுதிவிடுவான்.
எனக்கும் அப்படி ஆனதுண்டு.

பாருல் மண்டல், மால்தா, நாற்பத்தொன்று.
மூன்று ரயில், நான்கு ஸ்கேன்.
குழாய் விட்டுப் பார்த்தாயிற்று, குடல் சுத்தம்.
"வலி நிஜம். புண் இல்லை.
மூளை சத்தத்தைக் கூட்டி வைத்திருக்கிறது"
என்றார் டாக்டர் ஜெபக்கனி.
சொன்னேன்.
என் வாயிலிருந்து அது
'நீ நடிக்கிறாய்' என்று போய் விழுந்திருக்க வேண்டும்.
முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேறு வழி தெரியாமல் எங்கள் ஊர்க் கேலியை எடுத்துவிட்டேன்:
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை,
அந்த வரிசையில் புண்ணில்லாத உன் வலி.
சிரிக்கவில்லை.
ஆறு என்றதும் நிமிர்ந்தாள்.

அவள் ஊரில் ஆறு வீட்டைத் தின்றதாம்.
முதலில் மாமரம், பிறகு சமையலறை.
ராத்திரியெல்லாம் விழித்துக் கேட்பாளாம்
மண் பெயர்ந்து தண்ணீரில் விழுவதை:
தொப்.
கொஞ்சம் பொறுத்து, தொப்.
வீடு போய் ஏழு வருஷம்.
கேட்பது மட்டும் நிற்கவில்லை.

இதை டாக்டருக்குத் தமிழில் சொல்லும்போது
நடுவில் நின்றுபோனேன்.
அந்தக் காதுதான்.
கரை இல்லாமல் போனபின் உள்பக்கம் திரும்பிவிட்டது;
ஒரு வாய்ச் சோறு நகர்ந்தாலும்
தொப்.

டாக்டர் பேனாவை மூடினார்.
மேலிருந்து கீழே இறங்கும் நரம்பும் உண்டு,
'ஒன்றுமில்லை, தூங்கு' என்று சொல்லி அனுப்ப.
பழக்க வேண்டும். மாதங்கள் ஆகும்.
இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டவில்லை.

சாயங்காலம் பாலாற்றுப் பாலத்துக்கு அழைத்துப்போனேன்.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
கிரிக்கெட் ஆடும் பையன்கள்.
இதுவா ஆறு?
இதுதான். தோண்டினால் ஊறும்.
இடியாதா?
இதில் இடிய என்னம்மா இருக்கிறது.
கம்பியைப் பிடித்தபடி
வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.
லாரிகள் போயின.
காலையிலிருந்து என் அல்சர்
ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை என்பது
அப்போதுதான் ஞாபகம் வந்தது.
வந்ததும் கூப்பிட்டது.