இதழ் எண் ஒன்று, மறுபடியும்

கேம்பல் லேன், நெய்னாவின் கடை.
ஊதுவத்திக்கும் கைப்பேசி உறைகளுக்கும் நடுவே
கயிற்றில் கவ்வி போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள்
நங்கூரனை.
இதழ் எண் ஒன்று. பதினான்கு வெள்ளி.

எனக்குத் தெரிந்த நங்கூரன்
ஒரு வெள்ளி இருபது காசு.
சாணித்தாள். விரலில் ஒட்டும் மை.
மீசை சில கட்டங்களில் இடப்பக்கம் மட்டும் நீளும்.
இவனுக்கு மீசையே இல்லை.
தாளோ மருத்துவமனைத் தரைபோல் வழுக்குகிறது.

கடைசியாக அவனைப் பார்த்தது நூற்றுப் பதினெட்டாம் இதழில்.
கலங்கரை விளக்கின் உச்சிக் கம்பியை
இடக்கையால் பற்றித் தொங்கிக்கொண்டிருந்தான்.
கீழே பாறை.
மேலே கத்தியோடு ஒருவன், முகம் இருட்டில்.
மூலையில் சின்னதாக: தொடரும்.

தொடரவில்லை.
நான் தலை மழித்துக்கொண்டு
பாசிர் லாபாவுக்குப் போனேன்.
இரண்டரை வருடம் சேவை முடித்துத் திரும்பினால்
பதிப்பகம் மூடிக் கிடந்தது.
சேர்த்து வைத்ததையெல்லாம்
அம்மா காராங்குனிக்காரரிடம் போட்டுவிட்டாள் என்றுதான்
எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.
போட்டது நான்.
நான்கு வெள்ளி அறுபது காசு.
ஒருத்தியோடு பேச
தொலைபேசி அட்டை வாங்கினேன்.
அவளையே கட்டினேன், அது முடிந்தும் போயிற்று.

எல்லாம் விற்றாலும்
தொங்கியவனை விற்க முடியவில்லை.
பாசிர் பாஞ்சாங் துறையில்
பாரந்தூக்கியின் கூண்டுக்குள் உட்கார்ந்து
கால்களுக்கிடையே கண்ணாடித் தரை வழியாக
நாற்பது மீட்டர் வெறுமையைப் பார்க்கும்போதெல்லாம்
கணக்குப் போடுவேன்:
ஒரு கையால் ஒரு மனிதன்
எவ்வளவு நேரம்?
ரோஸ்லான் சொல்வான், இரண்டு நிமிடம்,
அதுவும் வியர்க்காமல் இருந்தால்.
இருபத்தைந்து வருடம் ஆகிறது, ரோஸ்லான்.

உள்ளட்டையில் ஆசிரியர் எழுதியிருக்கிறார்:
புதிய வாசகர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்,
பழைய கதை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.
பழைய வாசகர்கள் எங்கிருந்து தொடங்குவதென்று
பக்க எண் கொடுக்கவில்லை.

விமலராணியும் இதையேதான் சொன்னாள்,
எங்கள் பதிவுத் திருமணத்துக்கு முந்தின நாள்,
தேக்கா ஈரச்சந்தையில், ஆட்டெலும்பு சூப் ஆறுவதற்குள்.
பழைய கதை எதுவும் எனக்கு வேண்டாம்.
அன்பாகத்தான் சொன்னாள்.
நிம்மதியாகக் குடித்தேன்.
பிறகு இரவில், அவள் தூங்கிய பிறகு,
சொல்லாதவை ஒவ்வொன்றாக வந்து
கம்பியைப் பிடித்துக்கொண்டன.

கடையிலேயே நின்று புரட்டினேன்.
புதியவனுக்கு அப்பா உண்டு, தங்கை உண்டு,
மின்கலம் தீர்ந்துபோகும் கைப்பேசி உண்டு.
கலங்கரை விளக்கம் எங்குமே இல்லை.
இருபத்திரண்டாம் பக்கம்:
காப்பிக் குவளைக்காக இடக்கையை நீட்டுகிறான்.
உள்ளங்கையின் குறுக்கே
துரு நிறத்தில் ஒரு கோடு.

மூன்றே கட்டங்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை.
வலக்கையில் அது இல்லை.

நெய்னாவிடம் காட்டினேன்.
அச்சுக் கறை அண்ணே, வேற தாரேன் என்றார்.
வேறொன்றைப் பிரித்தோம்.
அதிலும் இருந்தது.
இன்னொன்றிலும்.

ஓவியம்: பொ. மரகதவல்லி என்று
எறும்பெழுத்தில் போட்டிருக்கிறது.
எனக்கு அவரைத் தெரியாது.
ஆனால் அம்மா,
நூற்றுப் பதினெட்டை மூடிவிட்டு
நீங்களும் தூங்கவில்லை, இல்லையா?
எப்படி இறங்கினான் என்று உங்களுக்கும் தெரியாது.
இறங்கினான் என்று மட்டும்
மூன்று கட்டங்களில் சொல்லிவிட்டீர்கள்.

பதினான்கு வெள்ளி கொடுத்தேன்.
அடுத்த இதழுக்கு நோட்டில் பெயர் எழுதச் சொன்னார்.
எனக்கு மேலே ஒன்பது பேர்.
அதில் ஒருவர், கைப்பேசி எண்ணுக்குப் பதில்
பழக்கத்தில் வீட்டுத் தொலைபேசி எண்ணை எழுதி
அடித்திருந்தார்.

இரவுப் பணி.
கூண்டுக்கு ஏறுமுன்
ரோஸ்லானிடம் கையை விரித்துக் காட்டினேன்.
என்ன என்றான்.
ஒன்றுமில்லை, அவன் இறங்கிட்டான் என்றேன்.
யார் என்று கேட்டவன், பதில் வருமுன்
கையுறைகளை என் பக்கம் எறிந்தான்.
கப்பல் வந்துவிட்டிருந்தது.