நீக்கப்பட்ட மூன்று நிமிடங்கள்

பினாங்குப் பாலத்தில் மோட்டார் ஓட்டுபவரின் மணிக்கட்டில்
கடிகாரம் நூற்று நாற்பது என்கிறது.
இதயமல்ல அது, எஞ்சினின் நடுக்கம்.
ஓடுகிறவருக்கோ காலடியையே துடிப்பென்று எண்ணிவிடும்.
அந்தப் பச்சை ஒளிக்கு அவ்வளவுதான் தெரியும்.

அதனால் ஒரு விதி எழுதினேன்:
ஐந்து நொடிக்குள் முப்பதுக்குமேல் எகிறினால்
இரைச்சல். தூக்கிப் போடு.
விட்ட இடத்தை நேர்கோட்டால் தை.
பாயான் லெப்பாஸ் அலுவலகத்தில், நான்காம் மாடியில்,
எல்லாரும் பாராட்டினார்கள்.
ஹுய் மின் கறிபாப் வாங்கித் தந்தாள்.

பரிசோதனைக்கு என் கையையே கொடுத்திருந்தேன்.
பயனர் பூஜ்ஜியம் பதினேழு, பெண், நாற்பத்தொன்று.

வியாழன், 4:12 முதல் 4:15 வரை
ஒரு நேர்கோடு.
எழுபத்தொன்றில் தொடங்கி எழுபத்தெட்டில் முடிகிறது,
இஸ்திரி போட்ட துணிபோல.

அப்போது நான் மோட்டாரில் இல்லை. ஓடவில்லை.
நாற்காலியில் இருந்தேன், தே-ஓ ஆறிக்கொண்டிருந்தது.
எட்டு வருடம் கழித்து
ஜொகூரிலிருந்து மாசிலாமணி அழைத்தான்.
கேட்டதெல்லாம், "அங்கே மழையா?"
"இல்லை, வெயில்தான்."
வேறொன்றும் பேசவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

மூலத்தரவைத் திறந்தேன்.
நூற்று இருபத்தாறு.
ஹுய் மின் எட்டிப் பார்த்தாள்: "இதுவும் மோட்டாரா?"
"கடிகாரப் பட்டை தளர்ந்திருக்கும்" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போனபின்
விதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினேன்.
முப்பது, அறுபது ஆனது.
பாலத்து நடுக்கமும் இனிக் கொஞ்சம் உள்ளே வரும்.
வரட்டும்.